கல்லும் ஆனாவும்

வயிற்றில் கல் என்பதுகூட ஜெகநாதனுக்குப் பெரிய கவலையாக இல்லை. கல்லுக்குப் பிறகு டாக்டர் சொன்ன "ஆனா"தான் அவனைக் குடைந்தது.

நடந்தது இவ்வளவுதான். போர்ட் பிளேரில் ஒரு சர்க்கார் ஆபீசில் டெம்ப்ரவரி குமாஸ்தாவாக இருந்த ஜெகநாதன், வேலை நிரந்தரமாக உடல் தகுதிச் சான்றிதழ் வேண்டும் என்று ஆஸ்பத்திரிக்குப் போனான். நோய்நொடி என்று அவனுக்கு ஒன்றும் கிடையாது. பந்தியில் மூன்றாவது தடவை சாம்பார் கேட்கிற உடம்பு. போன கப்பலில் வந்து இறங்கிய புது டாக்டர், தமக்கே ஜலதோஷம் என்று மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"லை டௌன்" என்றார். படுத்தான்.

"ப்ரீத்" என்றார். மூச்சு விட்டான்.

வலது விலாவுக்குக் கீழே அழுத்தினார். கூச்சத்தில் "ஆ" என்றான். இன்னொரு தடவை அழுத்தினார். படிவத்தில் அவன் பெயரைப் பார்த்தார். பிறகு துணிக்குள்ளிருந்து, "கல்... ஆனா..." என்றார்.

அந்த நேரம் பார்த்து வெளியே ஒரே கூச்சல். மரம் இழுக்கிற யானை யாரையோ தள்ளிவிட்டதாம். டாக்டர் எழுந்து அந்தப் பக்கம் ஓடினார். ஜெகநாதன் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே இந்தப் பக்கம் ஓடினான்.

மரண தண்டனை காதில் விழும்போது எந்த மொழியில் விழுந்தது என்று யாரும் யோசிப்பதில்லை. கல் இருக்கு. ஆனா? ஆனா சின்னதுதானா? ஆனா இங்கே ஆபரேஷன் வசதி இல்லையா? ஆனா கல் இருக்கும், ஆள் இருக்கமாட்டானா?

அவன் பயந்ததற்குக் காரணம் மதுரையில் இருந்தது. பெயர் ஜெயலட்சுமி. அந்தமானில் மாப்பிள்ளை என்றால் "என்ன கேஸ்?" என்று கேட்கிற காலம் அது. பெண்ணின் அப்பா ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தார். "அந்தமானுக்குப் பொண்ணைக் குடுக்கறதே பெரிசு. அதுலயும் டெம்ப்ரவரிக்கா? பெர்மனென்ட் ஆர்டர் வந்தா தாலி. வரலேன்னா வேற இடம் பார்த்துக்கறோம்."

பெண் பார்க்கப் போன அன்று எல்லோரும் அவனிடம் சம்பளம் கேட்டார்கள். ஜெயலட்சுமி மட்டும் கேசரித் தட்டை நீட்டிக்கொண்டே, "நாலு நாள் கப்பல்ல உங்களுக்கு வாந்தி வராதா?" என்று கேட்டாள். அந்தக் கேள்வியிலேயே ஜெகநாதன் விழுந்துவிட்டான். இன்னும் எழுந்திருக்கவில்லை.

சான்றிதழ் கொடுக்கக் கடைசி நாள் இருபத்தைந்தாம் தேதி. அன்றைக்குத் தேதி ஐந்து. திரும்பிப் போனால் டாக்டர் "ஆனா"வை முடித்து, "அன்ஃபிட்" என்று எழுதிவிடுவார். எழுதுவதற்கு முன்னால் கல்லைக் கரைத்துவிட்டால்? சுத்தமான வயிற்றோடு போய்ப் படுத்தால்?

அறைத்தோழன் அல்போன்ஸிடம் விஷயத்தைச் சொன்னான். அல்போன்ஸ் தூத்துக்குடிப் பக்கத்துக்காரன். ஃபீனிக்ஸ் பே ஜெட்டியிலிருந்து தீவுகளுக்குப் போகிற படகில் வேலை. பத்து வருஷமாக இங்கே இருப்பதால் கனவுகூட இந்தியில்தான் வருகிறது என்று சொல்லிக்கொள்வான்.

"கல்லா? எவ்வளவு பெரிசாம்?"

"அதைச் சொல்றதுக்குள்ள யானை வந்துடுச்சு."

"வயித்துக்குள்ளயா?"

"வெளியில!"

அல்போன்ஸ் யோசித்தான். "ஏலே ஜெகா, ஆபரேஷன்னா மெயின்லேண்டுக்குக் கப்பல் ஏத்திருவான். நீ திரும்பி வரும்போது உன் நாற்காலியில வேறொருத்தன் இருப்பான். பேசாம ஹோமியோபதி பாரு. டெய்ரி ஃபார்ம் ஏரியாவுல ஹரிபத பாபுன்னு ஒரு வங்காளி இருக்காரு. கத்தி கிடையாது, கசப்பு கிடையாது. சீனி மாதிரி இனிக்கும்."

"நீயும் வாயேன். எனக்கு இந்தி தெரியாது."

"எனக்கு டூட்டி இருக்குடே. வயித்தைக் காட்டு, கல்லுன்னு சொல்லு. இதுக்கு எதுக்கு இந்தி?"

ஹரிபத பாபு பகலில் பள்ளிக்கூட வாத்தியார், மாலையில் டாக்டர். ஜெகநாதன் தீவுக்கு வந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. அவனிடம் இருந்த இந்தி மொத்தம் மூன்று சொல். ஹை, நஹி, சாய். பேட் என்றால் வயிறு என்று வழியில் ஒரு டீக்கடையில் கேட்டு நான்காக்கிக்கொண்டு போனான்.

"க்யா தக்லீஃப்?" என்றார் பாபு.

ஜெகநாதன் வயிற்றைத் தொட்டுக் காட்டினான். "பேட். கல்."

"கல் ஸே?"

அட, இந்த வங்காளிக்குத் தமிழ் தெரிந்திருக்கிறதே! அவனுக்குப் பாதி உயிர் வந்தது. "ஹை, ஹை! கல் ஹை!"

"ஸிர்ஃப் கல் ஸே?"

"கல்தான். வேற ஒண்ணும் நஹி."

பாபு எழுதிக்கொண்டார். அப்புறம்தான் விசாரணை ஆரம்பித்தது. எந்தப் பக்கம் படுத்துத் தூங்குவாய், இடி இடித்தால் பயமா, என்ன கனவு வரும் என்று எல்லாவற்றையும் நடித்தே காட்டிக் கேட்டார். ஜெகநாதனும் நடித்தே பதில் சொன்னான். கனவில் யானை என்பதற்கு அவன் கையைத் தும்பிக்கையாக ஆட்டியதும் பாபு பரவசமாகி, தலையணை கனத்துக்கு ஒரு புத்தகத்தை எடுத்துப் புரட்டினார்.

கடைசியில் கடுகளவு வெள்ளை உருண்டைகள் ஒரு சின்னப் புட்டியில் வந்தன. கையால் தொடக்கூடாது, நேராக நாக்கில் போட வேண்டும். காப்பி நஹி, வெங்காயம் நஹி, கற்பூரம் நஹி. வாசல்வரை வந்து வழியனுப்பிய பாபு அன்பாகச் சொன்னார்:

"கல் ஆனா."

ஜெகநாதனுக்குச் சப்தநாடியும் ஒடுங்கிவிட்டது. அந்த டாக்டர் சொன்ன அதே இரண்டு சொல். ஓர் எழுத்து மாறவில்லை. இந்த மனுஷனும் ஆனாவுக்குப் பிறகு வாயைத் திறக்கவில்லை. இங்கிலீஷ் வைத்தியமும் ஹோமியோபதியும் இந்த ஒரு விஷயத்தில் ஒத்துப்போகின்றன என்றால் சாதாரணக் கல்லாகவா இருக்கும்?

மறுபடி பாபு முகத்தில் விழிக்க அவனுக்குத் தைரியமில்லை. புட்டியிலிருந்த உருண்டைகளை வேளைக்கு நான்காக நக்கினான். காப்பி இல்லாமல் தலை பிளந்தது. மூன்றாம் நாள் வலது விலாவில் நிஜமாகவே வலி.

"சபாஷ்!" என்றான் அல்போன்ஸ். "ஹோமியோபதி முதல்ல நோவைக் கிளப்பும். அப்புறம் அடக்கும். வேலை செய்யுதுன்னு அர்த்தம்."

"எப்போ அடக்கும்?"

"அதைப் பாபுகிட்டதான் கேக்கணும்."

கேட்பதற்குப் பதிலாக ஜெகநாதன் பஸ் பிடித்துப் புரோத்ராபூருக்குப் போனான். அங்கே செல்வம்மாள் என்று ஒருத்தி இருந்தாள். கத்தரித் தோட்டமும் நாட்டு வைத்தியமும் அவளுக்குத் தொழில். நாடி பிடித்தால் நோய் தானாக வாயைத் திறந்து பேசும் என்று பஸ்ஸிலேயே இரண்டு பேர் சொன்னார்கள்.

செல்வம்மாள் அவன் மணிக்கட்டில் மூன்று விரலை வைத்துக் கண்ணை மூடினாள். "வாதம் தன் இடத்தை விட்டுட்டுப் பித்தத்தோட இடத்துல போய்க் குடியேறியிருக்கு, தம்பி. இந்த ஊரு வழக்கமே அதுதானே? கல்லு விழாம என்ன செய்யும்?"

"கரையுமாம்மா?"

"கல்லென்ன, கல்லுல பண்ணின ஆட்டுரலே கரையும். சிறுபீளைக் கஷாயம், வாழைத்தண்டுச் சாறு, கொள்ளு ரசம், சின்ன வெங்காயம் பச்சையா. தக்காளி, கீரை, நண்டு, எறா கண்ணால பாக்கக் கூடாது."

"வெங்காயம் கூடாதுன்னு ஹோமியோபதிக்காரர் சொன்னாரே?"

"அவரு சீனி குடுக்காரு. நான் மருந்து குடுக்கேன். எது வேணும்னு நீங்களே சொல்லுங்க."

ஜெகநாதன் இரண்டும் வேண்டும் என்று மனதுக்குள் முடிவு செய்தான். உயிர்மேல் ஆசை இருக்கிறவனுக்கு எல்லா வைத்தியமும் ஒன்றுதான்.

"சிறுபீளை இந்த மண்ணுல இருக்காம்மா?" என்று மட்டும் கேட்டான்.

"இல்ல. அதுக்கு மச்சினி மொறையில ஒரு செடி இருக்கு. அதைப் போட்டிருக்கேன்."

மச்சினி கொஞ்சம் முரட்டு மச்சினி. மறுநாள் ஆபீசில் ஜெகநாதன் பதினான்கு முறை எழுந்து பின்பக்கம் ஓடினான். பின்பக்கம் போகிற வழி தலைமைக் குமாஸ்தா உதயசூரியனின் மேசையை உரசிக்கொண்டு போகிறது. ஆபீசில் தமிழன், தெலுங்கன், வங்காளி எல்லோருக்கும் அவர் படாபாபு. அவர் மேசையில் ஃபைலுக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளரிக்காயும் ஒரு தேங்காய் மூடியும் எப்போதும் இருக்கும். இயற்கை வைத்தியத்துக்கு மாறி ஏழு வருஷம் ஆகிறது. அவர் மனைவி அன்னம்மாள் மட்டும் மாறவில்லை. அவள் சமைத்துச் சாப்பிட்டுக் கொழுகொழுவென்று இருந்தாள்.

பதினைந்தாவது தடவை அவன் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"என்னய்யா, லீவு எடுக்காமலே பாதி நாள் வெளியில இருக்கீர்? உடம்புக்கு என்ன?"

கல் என்று சொன்னால் நிரந்தர ஃபைலில் கல் விழுந்துவிடும். "அஜீரணம் சார்."

படாபாபுவின் முகத்தில் சூரியன் உதித்தது. "உலகத்துல எல்லா வியாதிக்கும் ஒரே காரணம் சோறு! மூணு நாள் பட்டினி. காலையில தொட்டித் தண்ணியில இடுப்பளவு உட்காரும். சாயங்காலம் வயித்துல மண்பட்டி. நானே வந்து போடறேன். அப்புறம், உம்ம மெடிக்கல் சர்டிபிகேட் இன்னும் வரலையே? இருபத்தஞ்சோட முடியுது, தெரியுமில்ல?"

ஃபைலை மேலே அனுப்புகிறவர் அவர்தான். அவர் போடுகிற மண்ணை வேண்டாமென்று எப்படிச் சொல்வது?

ஆகக்கூடி, காலையில் ஈர இடுப்போடு உருண்டை, மத்தியானம் பட்டினியில் கொள்ளு ரசம், பல்லில் பச்சை வெங்காயம், அதை மறைக்க வாய் திறக்காமல் வேலை, சாயங்காலம் வயிற்றில் சேறு என்று ஜெகநாதனின் நாட்கள் ஓடின. பத்தே நாளில் இடுப்பில் பேண்ட் நிற்கவில்லை. அசல் பட்டினிக்காரன் மாதிரி கன்னம் ஒட்டியது. கண்ணாடியில் பார்த்தபோது ஜெயலட்சுமியின் அப்பா இந்த முகத்தைப் பார்த்து "என்ன கேஸ்?" என்று கேட்பது காதில் கேட்டது. அவனுக்கு அழுகை வந்தது. படாபாபுவின் கணக்கில் கண்ணீர் ஓர் உப்புக் கழிவு, நல்லது என்று அதற்கும் ஆறுதல் இருந்தது.

இருபத்துமூன்றாம் தேதி ஞாயிற்றுக்கிழமை காலை. கட்டிலில் ஜெகநாதன் மல்லாந்து கிடந்தான். படாபாபு ஓடைக்கரையிலிருந்து புது மண் கொண்டுவந்து, தோசை ஊற்றுகிற கவனத்தோடு அவன் வயிற்றில் வட்டமாகப் பரப்பிக்கொண்டிருந்தார். ஆள் பத்து நாளாக வரவில்லையே என்று செல்வம்மாள் ஒரு பெரிய தூக்குப்பாத்திரத்தில் கஷாயத்தோடு வந்து சேர்ந்தாள்.

"இது யாரு, மருந்து மேல மண்ணு போடறது?"

"இது யாரு, மண்ணுக்கு மேல மருந்து ஊத்த வர்றது?"

இருவரும் அறிமுகமாகிக்கொண்டிருக்கும்போதே ஜெகநாதன், "ஐயோ! குத்துது! கல்லு வெளியில வருது!" என்று அலறினான்.

செல்வம்மாள் குனிந்து மண்ணை விலக்கிப் பார்த்தாள். "கல்லு இல்ல தம்பி. அட்டை."

ஓடை மண்ணோடு வந்த அட்டை தொப்புளுக்கு இரண்டு விரல்கடை தள்ளி ஆனந்தமாகக் கடித்துத் தொங்கிக்கொண்டிருந்தது.

படாபாபு ஒரு நொடிதான் தடுமாறினார். "நல்லதாப் போச்சு! அட்டை விட்டுக் கெட்ட ரத்தம் எடுக்கறது பெரிய சிகிச்சை. ஆயுர்வேதத்துல இருக்கு, யூனானியில இருக்கு. ஆளுங்க தேடித் தேடி அட்டை பிடிக்கறாங்க. உமக்கு அதுவே வந்து பிடிச்சிருக்கு."

"உப்பு எங்கய்யா இருக்கு?" என்று செல்வம்மாள் அடுப்படியைத் தேடினாள்.

"உப்பா? உப்பு விஷம்! என் நோயாளி மேல உப்பு படக்கூடாது!"

"நாக்குலயா வைக்கப் போறேன்? அட்டை மேலதானே?"

"தோல் வழியா உள்ள போகும்!"

இந்தக் களேபரத்தின் நடுவே அல்போன்ஸ் உள்ளே நுழைந்தான். கூடவே ஹரிபத பாபு. படகில் வந்தவரிடம் பேச்சுவாக்கில் தோழனின் கஷ்டத்தைச் சொல்லி, கையோடு அழைத்து வந்திருந்தான். பாபு கட்டிலருகே உட்கார்ந்து, அட்டையைக் காட்டி அல்போன்ஸிடம் இந்தியில் அக்கறையாக ஏதோ கேட்டார்.

"இப்போ வலி குத்தற மாதிரி இருக்கா, எரியற மாதிரி இருக்கான்னு கேக்காரு" என்றான் அல்போன்ஸ்.

"அட்டை கடிக்கற மாதிரி இருக்குன்னு சொல்லு!"

அல்போன்ஸ் அடுப்படியிலிருந்து உப்பு டப்பாவை எடுத்து வந்து, யாரையும் கேட்காமல் ஒரு சிட்டிகை தூவினான். அட்டை விழுந்தது. பிறகு பாபுவிடம் கல்லைப் பற்றி இந்தியில் விளக்கினான். பாபு விழித்தார். தம் நோட்டைப் பிரித்து ஒரு வரியைக் காட்டினார். இருவரும் மாறி மாறிப் பேசினார்கள். அல்போன்ஸின் முகம் கொஞ்சம் கொஞ்சமாக மாறியது.

"ஏலே ஜெகா, கல்லுக்கு மருந்தே குடுக்கலைங்காரு. நேத்துலேர்ந்து வயித்துவலின்னு நீ சொன்னியாம். அதுக்கு ஒரு மருந்து குடுத்து, நாளைக்கு வான்னு சொன்னாராம். நீ அதோட ஆளே காணோமாம்."

"நான் எங்கே நேத்துன்னு சொன்னேன்? கல்லுன்னு சொன்னேன். அவரும் கல்லுன்னார்!"

"இரு, இரு. ஆஸ்பத்திரியில அந்த டாக்டர் என்ன சொன்னாரு? அவர் வாயில வந்த வார்த்தையை அப்படியே சொல்லு."

"கல்... ஆனா... அவ்வளவுதான்."

அல்போன்ஸ் தரையில் உட்கார்ந்தான். பிறகு படுத்தான். படுத்துக்கொண்டு வயிற்றைப் பிடித்துச் சிரித்தான். "அட மடப்பயலே! 'கல்'னா இந்தியில நேத்து. அதே 'கல்'னா நாளைக்கு. 'ஆனா'ன்னா வா. கல் ஆனா, நாளைக்கு வா! டாக்டர் யானை கேஸைப் பாக்க ஓடும்போது உன்னை நாளைக்கு வரச் சொல்லியிருக்காருலே!"

முதலில் சுதாரித்துக்கொண்டது செல்வம்மாள்தான்.

"இருக்கட்டும். அன்னிக்கு என் நாடியில கல்லு தெளிவாத் தெரிஞ்சுது. இன்னிக்கு அது 'நாளைக்கு'ன்னு ஆயிட்டுதுன்னா, அவ்வளவு தூரம் கரைச்சது என் கஷாயந்தான்."

"அஜீரணம்னுல்ல என்கிட்ட சொன்னீர்?" என்று படாபாபு முறைத்தார். பிறகு, இல்லாத கல்லைப் பற்றி ஃபைலில் எழுத முடியாது என்பது உறைத்ததும் முகம் மலர்ந்தது. "எதுவானா என்ன, உடம்பு சுத்தமாயிடுச்சு. நாளைக்கே போய் சர்டிபிகேட் வாங்கிட்டு வாரும். நான் அன்னிக்கே ஃபைலை அனுப்பறேன்."

ஜெகநாதன் வயிற்றில் மண்ணோடு எழுந்து பாபுவைக் கட்டிப்பிடித்தான். செல்வம்மாளின் காலைத் தொட்டான். கல் இல்லை! ஆனாவும் இல்லை! வலித்த இடத்தை அழுத்திப் பார்த்தான். வலியும் போன இடம் தெரியவில்லை. ஜெயலட்சுமி, ஜெயலட்சுமி என்று மனசு தாளம் போட்டது. பதினெட்டு நாளில் முதல் தடவையாக அவன் சத்தம்போட்டுச் சிரித்தான்.

அன்று மத்தியானம் அல்போன்ஸ் நண்டுக் குழம்பு வைத்தான். எறா வறுத்தான். தக்காளி ரசம் வைத்தான். ஜெகநாதன் பத்தியம் இருந்த அத்தனை நாளையும் ஒரே வேளையில் சாப்பிட்டான். மூன்று டம்ளர் காப்பி குடித்தான். சாயங்காலம் உட்கார்ந்து மதுரைக்கு ஒரு கடிதம் எழுதினான். பெர்மனென்ட் ஆர்டர் அடுத்த கப்பலில் வருகிறது, தை மாதத்தில் நல்ல நாளாகப் பார்க்கலாம் என்று எழுதி, பெண்ணுக்குத் தனியாக ஒரு வரி சேர்த்தான்: "எனக்கு வாந்தி வராது." ராத்திரிக்குள் அதைத் தபாலிலும் போட்டுவிட்டான்.

திங்கட்கிழமை காலை சலவைச் சட்டை போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினான். மேட்டில் ஏறும்போது வலது விலாவில் சுருக்கென்று ஒன்று குத்தியது. நண்டின் வேலை என்று சிரித்துக்கொண்டான்.

டாக்டர் ஆபரேஷன் அறையில் இருந்தார். வெளியே பெஞ்சில் ஆயா பொன்னம்மா காயத்துக்குக் கட்டுகிற துணியைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். தமிழ் முகம். ஜெகநாதனுக்கு யாரிடமாவது சொல்லாவிட்டால் தலை வெடித்துவிடும் போலிருந்தது.

"உட்காருங்க தம்பி, இப்ப வந்திருவாரு. என்ன விஷயமா?"

"சர்டிபிகேட்டுக்கு வந்தேங்க. போன தடவையே வாங்கியிருக்கணும். பெரிய கூத்தாயிடுச்சு." உருண்டை, கஷாயம், மண்பட்டி, அட்டை என்று ஒன்று விடாமல் சொன்னான். பொன்னம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அட்டைக்கு வந்தபோது கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

"எல்லாம் எதனால? டாக்டர் இந்தியில 'கல் ஆனா', நாளைக்கு வான்னு சொல்லியிருக்கார். நான் அதைத் தமிழ்னு நெனச்சுக்கிட்டு, கல்லு... ஆனா... அப்படின்னு..." அவனால் சிரிப்பை அடக்க முடியவில்லை. விலாவைப் பிடித்துக்கொண்டான்.

பொன்னம்மா சிரிப்பை நிறுத்தினாள். சுருட்டின துணியை மடியில் வைத்தாள்.

"எந்த டாக்டர் தம்பி?"

"அதான், மூக்குல துணி கட்டிக்கிட்டு இருந்தாரே, புதுசா வந்தவர்."

"அவரா இந்தியில பேசினாரு? அவரு நம்ம விருதுநகர்க்காரரு தம்பி. யாராவது 'பானி'ன்னு டம்ளரை நீட்டினாக்கூட, அது என்னன்னு என்கிட்ட கேட்டுட்டுத்தான் குடிக்கிறாரு."